சரி என்று சொல்லாத மாதங்கள்

எங்கள் மலையில் இரண்டே வினைச்சொற்கள்தான். ஏறுவது, இறங்குவது. மற்றதெல்லாம் இவற்றின் கிளைகள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனவரைக் கேட்டால் கீழே இறங்கியிருக்கிறார் என்போம். பிள்ளை கல்லூரிக்குப் போனால் இறங்கிவிட்டான். சாயங்காலம் பனி இறங்கும். பச்சைத் தேயிலையின் விலை இறங்கும். அம்மை கண்ட உடம்பில் ஆத்தா இறங்கியிருப்பாள். ஏறுவதற்கென்று சிலிண்டரும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. கொஞ்ச வருஷமாக அவற்றோடு இன்சூரன்ஸும் ஏறிக்கொண்டது.

அக்காவின் கணவர் குன்னூரில் டாக்ஸி ஓட்டினார். காரமடைக்காரர். காய்கறி லாரியோடு மலைக்கு வந்து, எங்கள் அக்காவோடு இங்கேயே தங்கிவிட்டவர். நான் ஃபெர்ன்ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். லீவு நாளில் குன்னூர் போனால் முதலில் ஸ்டாண்டுக்குப் போய் அவருடைய வண்டியின் முன்சீட்டில் கொஞ்ச நேரம் உட்காருவேன். டூரிஸ்ட் வராத நாட்களில் டிரைவர்கள் எல்லாரும் ஒரே வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு உலகத்தை விசாரிப்பார்கள். அந்த வருஷம் விசாரணையில் இருந்தது தேர்டு பார்ட்டி.

தேர்டு பார்ட்டி என்பது நம் வண்டி யார்மேலாவது மோதினால் அவருக்குப் போகிற பணம். நமக்கு அதில் ஒன்றும் கிடையாது. அது இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது, எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட முடியாது. அதற்கு விலை வைப்பது அரசாங்கம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ரேட். நம் வண்டி நசுங்கினால் நமக்கு வருவது வேறு பாலிசி. அதற்குக் கம்பெனி சொல்வதுதான் விலை.

"மறுபடி ஏத்தப் போறாங்களாம்" என்றார் ஒருவர்.

"எலைக்கும் கவர்மெண்டுதான் வெல வெக்குது, தேர்டு பார்ட்டிக்கும் கவர்மெண்டுதான் வெல வெக்குது" என்றார் மாமா. "எலைக்கு வெச்ச வெலைய ஃபேக்டரிக்காரன் தர்றதில்ல. இதுக்கு வெச்ச வெலைய நாம கட்டாம தப்பிக்கறதில்ல."

"நீங்களும் ஃபேக்டரிக்காரன் மாதிரி பேசிப் பாருங்கண்ணா. மார்க்கெட் டல்லுங்க, பாதிதான் முடியும்னு."

"பேசலாம். வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்லயே உட்டுட்டு நடந்து வரணும். பரவால்லயா?"

சிரித்தார்கள். சிரிப்பில் டீசல் வாசனை. பக்கத்து மரத்திலிருந்து போன மழையின் மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது. தேயிலை போடுகிறவர்கள் இலைக்கு விலை கேட்டு ரோட்டில் உட்கார்ந்த நாட்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதனால் அரசாங்கம் விலை வைத்தது என்ற செய்தி இங்கே யாருக்கும் குளிர்காய உதவாது. ஆனாலும் மனிதர்கள் அதைக் கேட்பார்கள். யாராவது ஒருவர் ஒரு இடத்தில் கோடு போட்டு, இதற்கு மேல் போகாதே என்று சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். என் அக்காவும் அதைத்தான் கேட்டாள்.

அக்காவின் வீடு டவுனிலிருந்து கொஞ்சம் கீழே, தேயிலைச் சரிவை வெட்டி எடுத்த இடத்தில் இருந்தது. பின்னால் வெட்டிய மண்ணைக் கூடை கூடையாக முன்னால் கொட்டி அப்பா வாசல் ஆக்கினார். பாதி வெட்டிய தரை, பாதி கொட்டிய தரை. மலையில் எல்லா வீடும் அப்படித்தான். பின்பக்கம் மலைமேல் சாய்ந்துகொள்ளும், முன்பக்கம் நம்பிக்கையின்மேல் நிற்கும். தகரக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவதற்காக அக்கா பேங்கில் கடன் வாங்கினாள். கடன் கொடுத்த பேங்க் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்டது. போட்டுக் கொடுத்தது அதே வரிசையில் இருக்கும் ஏஜெண்டம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் பாலிசி. இரண்டு இடத்திலும் ஒரே கறுப்புப் பை, ஒரே குடை.

அந்தப் புரட்டாசியில் புதுப்பிக்கும் தேதி நெருங்கியபோது ஏஜெண்டம்மா வந்து அடுப்பங்கரைப் பலகையில் உட்கார்ந்தார். நான் அங்கே இருந்தேன். புது ரேட்டைச் சொன்னதும் அக்கா அடுப்பைக் குறைத்தாள். மனசு பதறும்போது அடுப்பைக் குறைப்பது அவள் வழக்கம்.

"ஏனுங்க, போன வருசமே ஏத்துனீங்கல்ல?"

"நான் எங்கீங்க ஏத்துனேன்? மேப்புல நம்ம மலை செவப்பா இருக்குதாம். செவப்பப் பாத்தா கம்பெனிக்குப் பயமாம்."

"செவப்பா? போர்வை போத்துன மாதிரி பச்சையாக் கெடக்குது. வந்து பாக்கச் சொல்லுங்க."

"வந்து பாத்துட்டா இன்னும் ஏத்திருவாங்க, பேசாம இருங்க."

அக்கா சிரிக்கவில்லை. "வண்டிக்கு கவர்மெண்டு ஒரு ரேட்டு கட்டி வெச்சிருக்குதுல்ல. ஊட்டுக்கும் அப்பிடி ஒண்ணு வெக்கக் கூடாதா?"

"முன்ன இருந்துச்சுங்க. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அட்டவணைதான். அப்புறம், போட்டி வந்தா வெல கொறையும்னு அத எடுத்து உட்டாங்க. கொறஞ்சுது. கீழ கொறஞ்சுது." ஏஜெண்டம்மா குடையின் நுனியால் தரையைத் தொட்டார், பிறகு கூரையைக் காட்டினார். "இங்க மேல."

வெளியே தூறல் விடாமல் இருந்தது. மாமா வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வண்டிக்கு முழு பாலிசி போட்டால் வீட்டு பாலிசி நின்றுவிடும். வீட்டுக்குப் போட்டால் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான்.

"வண்டிதான சோறு போடுது" என்றார் மாமா.

"வண்டிக்கு நாலு சக்கரம் இருக்குது. ஏதாச்சும்னா ஓட்டிட்டுப் போயிரலாம். ஊட்ட எங்க ஓட்டிட்டுப் போறது?"

மாமா ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளிருந்து கொஞ்சம் மண் விழுந்தது. "ஆகட்டும்" என்றார்.

அவர் ஆகட்டும் என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எங்கள் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலி வரிசைவீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் சிறுமியாக இருந்தபோது பக்கத்து லயத்தின்மேல் மலை வந்து படுத்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவள் அதைச் சொன்னதே இல்லை. கப்பலில் வந்து, இந்த மலையில் அரசாங்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, அப்பாவின் ஓய்வுப் பணத்தில் இந்தத் துண்டுச் சரிவை வாங்கி, வீடென்று ஒன்று வந்தபின் அவள் ஒரு சட்டம் போட்டாள். மண் சரிந்தது என்று வீட்டுக்குள் சொல்லக் கூடாது. எங்கேயாவது அப்படி நடந்தால் மண் இறங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்பது போல. போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்பது போல. மண்ணும் விருந்தாளி மாதிரி இறங்கும், இறங்கிய இடத்தில் நின்றுகொள்ளும். அந்த இன்னொரு சொல்லைச் சொன்னால் மண்ணுக்குக் காது கேட்டுவிடும்.

சட்டம் அதோடு நிற்கவில்லை. மழை பிடித்துவிட்டால், அது விடும்வரை, சரி என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது. ஒரு எழுத்தும் இன்னொரு எழுத்தும் சேர்ந்தால் அந்தச் சொல்லின் தலை தெரிந்துவிடும் என்று அம்மா பயந்தாள். ஆகட்டும் என்போம். அப்பா வேண்டுமென்றே சீண்டுவார். "கணக்கு சரியா இருக்குன்னு எப்புடிச் சொல்றதாம்?" "ஒத்துப்போச்சுன்னு சொல்லுங்க." தீபாவளி பெரும்பாலும் மழையில்தான் வரும். கடையில் சரிகைப் புடவையைக் காட்டி, அந்தத் தங்கக்கரையை எடுங்க என்பாள். கடைக்காரர் நகைக்கடைக்குப் போகச் சொன்னதும் உண்டு.

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் படித்தவன், ஊர் சுற்றியவன், எழுதுகிறவன். மழைக் காலத்தில் போனில் யாராவது வேலை சொன்னால் இன்றும் ஆகட்டும் என்றுதான் வாயில் வருகிறது. மாமா வெளியூர் மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் பழகிவிட்டார்.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. முதலில் வாசலில் உலாத்தியது, பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. துணி காயவில்லை. தீக்குச்சி பற்றவில்லை. மலைப்பாதையில் மரங்கள் விழுந்து டூரிஸ்ட் நின்றுபோய், மாமா வண்டியை வாசலிலேயே போட்டிருந்தார். அன்று மதியம் அக்கா ரேஷன் கடை வரிசையில் நின்றாள். மாமா வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியின் உட்பக்கத்து ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசுகிற சத்தம் கேட்டது. அக்கா பின்வழியாக வந்துவிட்டாள் என்று நினைத்து, டீ கேட்கலாம் என்று வண்டியைவிட்டு இறங்கி நாலு எட்டு வைத்தார். அந்த நாலு எட்டு அவரைக் காப்பாற்றியது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தேயிலை நின்ற நிலையிலேயே வந்தது என்றார். செடிகள் சாயவில்லை. கவாத்து வெட்டிய வரிசை கலையாமல், யாரோ பாயை இழுப்பது போல மொத்தமாக வந்து, அடுப்பங்கரைச் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டு நுழைந்தது. வீடு ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. ஓட முடியாதது என்று அக்கா சொன்ன வீடு. முன்வாசல் விளிம்பு உடைந்து, வண்டி பின்பக்கமாகத் திரும்பி, கீழே இருந்த ஓடைக்குள் மெதுவாகப் போய்ப் படுத்தது. ஹாரன் மட்டும் கொஞ்ச நேரம் கத்தியதாம்.

மறுநாள் காலையில் பாதி வழி பஸ்ஸிலும் மீதி வழி நடந்தும் நான் போய்ச் சேர்ந்தேன். அக்கா நனைந்த ரேஷன் பையோடு ஏஜெண்டம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பையை இன்னும் கீழே வைக்கவில்லை. வீட்டின் ஹாலுக்குள் மூன்று தேயிலைச் செடிகள் கொழுந்தோடு நின்றன. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், யாரோ வைத்து வளர்த்தது போல.

"வண்டி ஆரையும் இடிக்கல மாப்ள" என்றார் மாமா, ஓடையைப் பார்த்துக்கொண்டு. "இடிச்சிருந்தா இடிபட்டவனுக்காச்சும் எதாச்சும் கெடச்சிருக்கும்."

"ஊட்டுக்கு இருக்குதுல்ல" என்றாள் அக்கா. அந்த நாட்களில் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான். வருகிறவர்கள் எல்லாரிடமும். ஊட்டுக்குப் போட்டிருக்கறோமுங்க. பின்சுவரை எடுத்துக் கட்டி, மலையைத் தாங்கக் கல்லில் தடுப்புச்சுவர் போட்டுவிட்டால் மறுபடி குடியிருக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அந்தப் பணம் வந்தால் வீடு. வராவிட்டால் வீடு இல்லை. இவ்வளவுதான் கணக்கு.

பாதை திறந்ததும் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். கீழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். தும்மிக்கொண்டே இருந்தார். யாரிடமோ கடன் வாங்கிய ரப்பர் பூட்ஸ் அவருக்குப் பெரிதாக இருந்தது. அவர் எழுதுவது நனையாமல் இருக்க நான் குடை பிடித்தேன். சுவரைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், ஹாலில் நின்ற தேயிலையின் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"என்னம்மா ஆச்சு? மண் சரிஞ்சுதா?"

அக்கா பதறிப்போனாள். கை தானாக உயர்ந்து அவர் வாயை மூடப் போவது போல வந்து நின்றது.

"இல்லீங்க, இல்லீங்க. அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மண்ணு எறங்கிருச்சு. அவ்வளவுதானுங்க."

"எறங்குச்சா?"

"ஆமாங்க. எறங்கிருச்சு."

"மெதுவாவா?"

"மழ நாள் கணக்கா புடிச்சுதுங்களே. அப்பிடியே எறங்கி வந்துருச்சு."

"இந்த முன்வாசல் எந்த மண்ணும்மா?"

"அது எங்கப்பா கொட்டி நெரப்புனதுங்க." இப்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒவ்வொரு கூடையா கொட்டி மிதிச்சு. கல்லு மாதிரி இருந்துச்சு."

சர்வேயர் தலையாட்டி எழுதிக்கொண்டார். என் குடைக்குக் கீழேதான் எழுதினார். எனக்கும் அவள் சொன்னதில் எந்தப் பிசகும் படவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் அந்த இடத்தில் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அக்கா வெளியே சாய்த்து நிறுத்திய பழைய தகரத்தடியில் அடுப்பு மூட்டி அவருக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். அவள் சொன்னதைப் படித்துக் காட்டினார். ஒத்துப்போச்சு என்று அக்கா கையெழுத்துப் போட்டாள்.

மார்கழிக் குளிரில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை ஏஜெண்டம்மா வாசித்துக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, வாசலில் அடுக்கியிருந்த செங்கல்மேல் உட்கார்ந்தார். மலை சரிந்து வீடு போனால் பாலிசி பணம் தரும். ஆனால் தரை தானாக மெல்ல இறங்கினாலோ, கொட்டி நிரப்பிய மண் அசைந்தாலோ தராது. அது வீட்டின் கோளாறு, மலையின் கோளாறு இல்லை. இங்கே மண் இறங்கியதாக வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார், சரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். எனவே இல்லை.

"சரிஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்ங்க" என்றார் ஏஜெண்டம்மா. "அந்தாளே எடுத்துக் குடுத்தாருல்ல?"

"மழ பேஞ்சுட்டு இருந்துச்சுங்களே" என்றாள் அக்கா.

ஏஜெண்டம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்கும் மாமாவுக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய. அம்மா எங்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு சொல்லை எடுத்து ஒளித்து வைத்தாள். எங்கோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து யாரோ அதே சொல்லைக் கதவுச் சாவியாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மலை.

இன்சூரன்ஸ் புகார்களைக் கேட்கும் அதிகாரிக்கு மேல்முறையீடு எழுதியது நான். எங்கள் வீட்டுச் சொல் வழக்கத்தை விளக்கினேன். குளிரவைக்கிற விளக்கைச் சொன்னேன். இந்த மலையில் இறங்குவது என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்று சொன்னேன். ஏஜெண்டம்மா வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நல்லா இருக்குது. ஆனா இது கத கேக்கற எடம் இல்லீங்க. போட்டோவப் போடுங்க, மேஸ்திரி எழுதிக் குடுத்ததப் போடுங்க. வெளக்க எடுத்துருங்க."

விளக்கை எடுத்துவிட்டேன்.

அதற்குள் அக்காவும் மாமாவும் ஏஜெண்டம்மாவின் பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மாமா வேறொருவரின் வண்டியைத் தினக்கூலிக்கு ஓட்டினார். ஸ்டாண்டில் தேர்டு பார்ட்டி பேச்சு வந்தால் இப்போது அவர் சேர்ந்துகொள்வதில்லை. ஒரு நாள் மட்டும், வண்டி இல்லாதவனுக்கு என்ன ரேட்டு வெச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க என்றாராம். யாரும் சிரிக்கவில்லையாம்.

விசாரணை ஆடியில் வந்தது. யாரும் எங்கேயும் போக வேண்டாம், போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். ஏஜெண்டம்மாவின் முன்னறையில், பைபிளின்மேல் ஒரு டப்பாவை வைத்து அதன்மேல் போனைச் சாய்த்து நிறுத்தினோம். அக்கா அம்மாவின் புடவையைக் கட்டியிருந்தாள். வெளியே தென்மேற்கு மழை, தகரத்தில் அரிசி கொட்டுவது போல. திரையில் ஒரு பெண் அதிகாரி, இன்னொரு கட்டத்தில் கம்பெனிக்காரர்.

அதிகாரி குரலை உயர்த்தாமல் பேசினார். காகிதங்களைப் படித்திருந்தார். போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "அம்மா, நீங்க பயப்படாம உங்க வாயால சொல்லுங்க. மண் சரிஞ்சுதா, இறங்குச்சா?" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்து மழை அறைக்குள் எல்லா இடத்தையும் நிரப்பியிருந்தது. அவள் முந்தானையின் ஒரு மூலையைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள். நெட்வொர்க் போய்விட்டதா என்று கம்பெனிக்காரர் கேட்டார்.

"சரிஞ்சுருச்சுங்க" என்றாள் அக்கா.

அவ்வளவு மெல்லச் சொன்னாள். கேட்கலம்மா, இன்னொரு தடவ, என்றது போன்.

"மலை சரிஞ்சுருச்சுங்க. சரிஞ்சு ஊட்டுக்குள்ள வந்துருச்சுங்க."

நான் படித்தவன், ஊர் சுற்றியவன். ஜன்னல் வழியாகப் பக்கத்துச் சரிவை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

"மேடம், சர்வேயர் இதே கேள்வியைக் கேட்டப்ப இவங்க இல்லைன்னு சொல்லியிருக்காங்க" என்றார் கம்பெனிக்காரர். "கையெழுத்து இருக்கு. வாசல் கொட்டுன மண்ணுன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க."

"ஏம்மா முதல்ல அப்படிச் சொன்னீங்க?"

"அது எங்க ஊட்டுப் பழக்கம்ங்க."

"என்ன பழக்கம்?"

அக்கா வாயைத் திறந்தாள். அம்மா, கப்பல், லயம், எல்லாம் அந்த வாய்க்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். "பயம்ங்க" என்றாள்.

அதிகாரி தலையை அசைத்தார். குறித்துக்கொண்டதாகச் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அக்கா கேட்டாள்: "ஏனுங்க, வண்டிக்கு கவர்மெண்டு ரேட்டு வெச்சிருக்குது. ஊட்டுக்கும் வெச்சிருந்தா நாங்க ரெண்டையும் கட்டியிருப்பமுங்க. அது உங்க கையில இருக்குதுங்களா?"

"இல்லம்மா. அது என் கையில இல்ல."

"ஆகட்டுங்க" என்றாள் அக்கா.

நடந்தது நடந்த உடனே சொன்ன வார்த்தைக்குத்தான் எடை, பிறகு சொன்னதற்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதில் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்ததுதான் வலித்தது. யாராவது பொய் சொல்லியிருந்தால் திட்டலாம். சர்வேயர் கேட்டதை எழுதினார். அதிகாரி எழுதியதைப் படித்தார். அக்கா தெரிந்த சொல்லைச் சொன்னாள்.

தீர்ப்பு வந்தபின் அவள் இன்னொன்றும் சொன்னாள், பாத்திரம் கட்டிக்கொண்டிருக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல். "வாயால சொன்னதும் போச்சு, ஊடும் போச்சு. சொல்லாமயாச்சும் இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்தாலும் போயிருக்கும்கா."

"இருக்கும். அம்மா சொல்லு மட்டும் மிஞ்சியிருக்கும்ல."

ஆவணியில் அவர்கள் காரமடைக்கு இறங்கினார்கள். மாமாவின் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை. மாமா அங்கே ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அக்காவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டு முன்கதவில், பின்பக்கம் திறந்த மலை. ஹாலுக்குள் இருந்த தேயிலை அந்த மழைக்கு நன்றாகத் துளிர்த்திருந்தது. கடைசியாகப் போனபோது பார்த்தேன். கொழுந்து பறிக்கிற பதம். நான் பறிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து ஃபெர்ன்ஹில்லில் மழை பிடித்தபோது அக்கா போன் செய்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. கீழே போனபிறகு அவள் குரலில் மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது.

"பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துருக்குது தம்பி. ஊட்டு இன்சூரன்ஸ அவங்களே புதுசு பண்ணிட்டாங்களாம். பணத்தக் கடன்ல சேத்துட்டாங்க."

"எந்த ஊட்டுக்கு?"

"நமக்கு எத்தன ஊடு இருக்குது?"

"பூட்டுன ஊட்டுக்கா? சுவரே இல்லையேக்கா."

"கடன் இருக்கற வரைக்கும் ஊடு இருக்குற கணக்காம். ஏஜெண்டக்காகிட்டக் கேட்டேன். ரேட்டும் ஏறிருக்குது. நம்ம வரிசைல மண்ணு வந்ததால, வரிசைக்கே ஏத்திட்டாங்களாம். பாவம், அவங்க ஊட்டுக்கும் ஏறிருச்சு. நம்மளாலன்னு ஒரு வார்த்த சொல்லல."

 சரியவில்லை என்று காகிதத்தில் முடிவான மலைக்கு, சரியும் என்று விலை வைத்திருக்கிறார்கள். இதை யாரிடம் கேட்பது, எந்தக் கட்டத்துக்குள் தெரிகிற எந்த முகத்திடம்?

"அங்க மழையா?" என்று கேட்டேன்.

"தூறுது. இங்க மழ பேஞ்சா தண்ணிதான் வருது, வேற ஒண்ணும் வர்றதில்ல."

"நான் நாளைக்கு பேங்க்ல போய்ப் பேசிப் பாக்கறேன்கா."

"சரி" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு மற்ற விஷயங்களுக்குப் போய்விட்டாள். மாமாவின் முட்டிவலி, அண்ணன் வீட்டுத் தண்ணீர்க் குழாய், கீழ்நாட்டுக் கொசு. நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே மழை வலுத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய், காதில் போனோடு, மலைப்பக்கம் திறக்கிற பின்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.